பார்க்காமல் வரைந்த பதினொரு படங்கள்

1890-களின் கடைசியில், கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் நான் வரைபடம் வரைபவனாக இருந்தேன். கல்யாணம் ஆகாத வயது. என்னைப்போல் கோடு இழுக்க ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவருக்கு வௌவால்கள் மேல் தீராத ஆசை. அவற்றின் குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியைப் பற்றி யாரும் எழுதியதில்லை, தாம் எழுதிவிட வேண்டும் என்பார். அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அவருக்கோ பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அதனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய, சாயங்காலங்களில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். "இனிமேல் உன் கண்ணுதான் என் கண்ணு" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

வௌவால் கொண்டுவந்தது ஒரு பெண். சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலை அவளுக்கு. கைவிட்ட பழைய குழியில் தொங்குபவற்றைக் கூடையில் பிடித்து வருவாள். எச்சம் விழுந்ததும் உயிரோடு திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அந்த எச்சத்தை மருந்துத் தண்ணீரில் சில நாள் வைத்துப் பார்த்தால், ஒட்டுண்ணியின் கூடுகள் சின்னஞ்சிறு முட்டைகள்போல மிதக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு பைகள். முதன்முதல் அதைப் பார்த்த சாயங்காலம் மூச்சுவிடவே மறந்துபோனேன்.

பன்னிரண்டு கூடுகளை வரையச் சொன்னார் டாக்டர். ஒன்றை உயிரைக் கொடுத்து வரைந்தேன். மற்ற பதினொன்றையும், எல்லாம் ஒன்றுதானே என்று, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து நகலெடுத்துவிட்டேன். டாக்டர் பூரித்துப்போனார். மறுநாள் சீமைக்குப் போகிற தபாலில் அனுப்பக் கட்டுரையை எழுதி முடிக்க உள்ளறைக்குப் போனார்.

கூடைக்காகக் காத்திருந்த அந்தப் பெண், "நானும் ஒரு தபா பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். விலகி இடம் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"இன்னாங்க இது? சிலது உருண்டையா கீது, சிலது நீட்டமா, தலையில மூடி வெச்சாப்ல கீது. நீங்க உருண்டையே எழுதி வெச்சிருக்கீங்களே?"

"உனக்கு இன்னா தெரியும்? கூடையை எடுத்துகினு போ!" என்று சீறினேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நானே குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

டாக்டரிடம் சொல்லாமலே வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரம் நடந்துவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் என் கண்ணை நம்பிய மனிதர் பொய்யின் கீழ்க் கையெழுத்துப் போடப்போகிறாரே! திரும்பி ஓடிவந்து சொல்லிவிட்டேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுதிய தாள்களை ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு, "இந்தத் தபால் போனால் போகட்டும், அடுத்ததில் அனுப்பலாம். நாளைக்கு அந்தம்மாவைக் கூட்டி வா" என்றார்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, வாங்க" என்று கூடவே வந்தாள். அதன் பிறகு எட்டுச் சாயங்காலங்கள் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் பார்த்துச் சொல்வாள், நான் பார்த்து வரைவேன், டாக்டர் எழுதுவார். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்கு அப்புறம் அதிகம் வாய்க்கவில்லை.

நெடுநாள் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. டாக்டர் பெயர் பெரிதாக, படம் வரைந்தவன் என்று என் பெயர் சிறிதாக. அவளிடம் காட்டினேன்.

"வவ்வாலு பேர போட்டாங்களா?"

"போட்டிருக்கு."

"அப்ப சரி" என்று சிரித்தாள்.

கட்டுரையை அனுப்பும் முன்பே, என் பெயர் வரப்போகிற பூரிப்பில், அவள் பெயரையும் போடச் சொல்ல எனக்குத் தோன்றாமல் போனதுதான், அந்தப் பதினொரு படங்களைவிடப் பெரிய தவறாக இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.