பாரிஸிலிருந்து ஒரு பகல் தூரம்

குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு, சாரலுக்கு ஒதுங்கி ஒரு கடையோரம் நின்றிருந்தபோதுதான் மைமூன் அக்காவின் மகன் ரியாஸ் பாரிஸிலிருந்து அழைத்தான். அருவிக்குப் போகும் கூட்டத்தின் இரைச்சலில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்று மறுபடி சொன்னான். அதிகாலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்யப் போவதாகச் சொல்லி அழுதான். அவனைத் தேற்றிவிட்டு இலஞ்சிக்கு வந்து, வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எனக்கு எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் சொல்வது மைமூன் அக்காவிடம்தான்.

தென்காசியில் எங்களோடு ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு, "எந்த ஊரு, எத்தன பிள்ளைய?" என்று கேட்பார். நோயாளி பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும். கணவர் வளைகுடாவில் இறந்தபின் ஒரே மகனைப் படிக்கவைத்து ஆளாக்கியதும் உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு அவர் பாரிஸில் இருந்த நாட்கள்தான் உங்களுக்குத் தெரியாதவை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல்முறை மூன்று மாத விசாவில் போனார். காலை ஏழரைக்கு மகனும் மருமகளும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் கிளம்பிவிடுவார்கள். நாலாவது மாடி வீட்டில் மாலைவரை அவர் மட்டும். "பாசமா வச்சிருக்காவ, ஒரு கொறையும் இல்ல. ஆனா இங்கன நான் பகல்ல பேசுத ஒரே ஆளு நீதான் ஏட்டி செண்பகம்" என்றார் போனில். மருமகள்தான் ஒரு வழி சொன்னாள். ஒரு மணி, ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில் நல்ல நல்ல ஊர்கள் இருக்கின்றன. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று போனில் டிக்கெட் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள்.

முதலில் போன ஊர் ஷார்த்ர். உயரமான இரண்டு கோபுரங்களோடு பழைய தேவாலயம் ஒன்று அங்கே உண்டு. போய்வந்து, மிக அழகாக இருந்தது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"ஸ்டேஷன விட்டே நான் வெளிய போகல ஏட்டி. வாசல்ல நின்னா கோபுரம் தெரியுது. கால் எடுத்து வைக்க வரல. ரெண்டு மணி நேரம் பெஞ்சுல இருந்துட்டு வந்துட்டேன்."

எத்தனையோ பேர் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். ஒரு தெருவைக் கடக்கப் பயந்திருக்கிறார்.

"நாளைக்கும் போங்கக்கா. வாசல்ல நின்னு போன் போடுங்க. நான் கூடவே பேசிட்டு வாரேன்" என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு, அங்கே காலை பதினொன்றுக்கு, போன் வந்தது. "கெளம்புதேன்" என்றார். எனக்கும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பேசினேன். ரொட்டிக்கடை, பூக்கடை, ஏற்றம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் மூச்சு வாங்க, "வந்துட்டோம்" என்றார். வந்துட்டேன் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு ஊர். முந்தைய நாளே எனக்கு அழைத்து, எந்த ஊர், எந்த ஸ்டேஷனில் வண்டி, என்ன சாப்பாடு கட்டுவது என்று இருவரும் பேசி முடிவு செய்வோம். "திரும்புத வண்டிய மொதல்ல எழுதிக்கணும். போற வண்டி எதுவும் கெடைக்கும்" என்பார். ருவான் என்ற ஊரில் அந்தக் கணக்கும் ஒருநாள் தவறியது. நடைமேடையில் ஒரு கிழவர் மயங்கி விழ, அவரைச் சரித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டார். வண்டி போய்விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை. பதறிப்போயிருந்த ரியாஸ் இனி தனியாகப் போகவே கூடாது என்று சத்தம் போட்டான்.

"அங்கன நாலு பேரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாவ. என்ன செய்யணும்னு எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. வந்த எடத்துல அன்னைக்குத்தான் நான் மனுஷியா இருந்தேன்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் பிறகு தடுக்கவில்லை.

போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது, அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போவேன் என்றார். நான் பொய் சொன்னேன். நெஞ்சு படபடக்கிறது, தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். புதிய இடம், தெரியாத பாஷை, அடுத்தவர் வீடு. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாடி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார். அந்தக் கை என் மீது பட்டது அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ரியாஸ் ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அக்காவின் கையெழுத்தில் ஆறு ஊர்கள், எல்லாம் இரண்டு பேருக்கான திட்டம். அமியான் என்ற ஊருக்கு எதிரே, "இங்கன படி ஜாஸ்தி. செண்பகம் கீழ உக்காரட்டும்" என்று எழுதியிருந்தது. என் பொய்யைத் தெரிந்துகொண்டும், எனக்கு முட்டி வலிக்கும் என்பதை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

ஊர்ப் பள்ளிவாசலில் அவருக்காகத் தொழுதார்கள். எனக்குச் செய்வதற்கு ஒரு சடங்கும் இல்லை. நான் சொந்தமில்லை என்பதால் என் வீட்டுக்குத் துட்டி கேட்டு, ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. போய் நிற்க, அவரை அடக்கிய ஒரு கபர்கூட இந்த மண்ணில் கிடையாது.

போன வாரம் செங்கோட்டை தாண்டிப் புனலூருக்குப் போகும் காலை வண்டியில் தனியாக ஏறினேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பழைய தொங்குபாலத்தில் நடந்தேன். மதியம் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே இருந்த அம்மாள், "ஆரெ காணான் வந்நதா?" என்று கேட்டார். யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்கிறார்.

"யாரையும் இல்லம்மா. ஊரப் பாக்க வந்தேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். நானும் சாப்பிட்டேன். தனியாக வந்தவள் என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இல்லை. மைமூன் அக்கா என்னிடம் விட்டுப்போனது அதுதான். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.