பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

“ஏனம்மணி, எடைக்குப் போட்ட இரும்புக்கு உசிரு வருமா? அப்படியே வந்தாலும் அது இங்கிலீசுலதான பேசும்? உங்கூட்ல யாருக்குப் புரியப்போகுது?”

பெரியப்பா இப்படிக் கேட்டபோது நான் ஏழாம் வகுப்பு. அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மா பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவார். கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள், கூலிக்கு நெசவு. பள்ளிக்கூடத்தில் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி வகுப்பே நிற்கும். பின்னால் நிற்கும் எனக்குத் திரையைவிட முன்னால் நிற்பவர்களின் சடைகள்தான் நன்றாகத் தெரியும்.

அந்தக் குறையை நான் அம்மாவின் தம்பியான மாமாவிடம் சொல்லியிருந்தேன். சரவணம்பட்டி ஐ.டி. ஆபீஸ்களில் கழித்த சாமான்களைப் பழைய இரும்பு குடோனுக்கு ஏற்றிப்போகும் டெம்போ அவருடையது. ஒருநாள் மூன்று செத்த கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, வீட்டுக்குள் நூல் கோன் அடுக்கும் மூலையில் இறக்கிவிட்டார். மூன்றையும் கலந்து ஒன்றைப் பிழைக்க வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆயுத பூசைக்குள் ஓடினால் தறிகளோடு சேர்த்து அதற்கும் பொட்டு வைப்பார். ஓடாவிட்டால் மறுநாளே டெம்போவில் ஏற வேண்டும். ஓடாத எந்திரத்துக்கு எங்கள் பக்கம் பொட்டு வைப்பதில்லை.

மாமாவுக்குத் தெரிந்தது கொஞ்சம். காந்திபுரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு வந்தது கொஞ்சம். ஒன்றின் கூட்டில் இன்னொன்றின் ரேம் எனும் மெமரிப் பட்டையைச் சொருகினோம். அதன் பித்தளை நிறப் பற்களை என் அழிரப்பரால் தேய்த்தால் பளபளவென்று வந்தது. மூன்றாவதிலிருந்து பவர் சப்ளைப் பெட்டி. கீபோர்டில் விழுந்துபோன ஒரு கட்டைக்குப் பதில் அப்பாவின் சட்டைப் பொத்தானை ஒட்டினேன்.

ஓடியது. ஆனால் நிற்கவில்லை. படம் வரும், நான் கை தட்டுவதற்குள் திரை கறுத்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி வரும், மறுபடி போகும். மாமா பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார், நான் ரப்பரைத் தேய்த்துத் தீர்த்தேன். பெரியப்பா தினமும் எட்டிப் பார்த்து, “என்னங்க மாப்ள, பேஷண்டு எப்படியிருக்காருங்க?” என்று மாமாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்.

ஆயுத பூசையன்று காலை, நம்பிக்கை இல்லாமல்தான் சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. பொரியும் கடலையும் படைத்து, தீபாராதனை காட்டி முடித்த பிறகும் அது அசையாமல் நின்றது. பெரியப்பா சந்தனம் தொட்டு, தன் கையாலேயே அதற்குப் பொட்டு வைத்தார். கடைசியாக நான் தேய்த்த தேய்ப்புதான் பலித்தது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அது மறுபடி செத்தது. நான் அழுதேன். கொட்டகையிலிருந்து வந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் எரிந்த பல்பையே சற்று நேரம் பார்த்துவிட்டு, திரும்பிக் கொட்டகைக்கே போனார். அதற்கடுத்த நாளிலிருந்து ஒரு சாயங்காலமும் அது பாதியில் நின்றதில்லை. பொட்டின் மகிமை என்றார் மாமா. என் திறமை என்றேன் நான். அதில்தான் தட்டச்சு பழகினேன், சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதினேன். அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. விடியும் முன்பே தறியை ஓட்டி என் தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று அம்மாவிடம் சிடுசிடுப்பேன். அம்மா சிரித்துக்கொண்டு போர்வையை என் காதுவரை இழுத்துவிடுவார்.

கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு நடுப்பகலில் அதைப் போட்டேன். கொட்டகையில் ஒரு தறி கிளம்பியது, பல்பு மங்கியது, திரை கறுத்தது. ஆயுத பூசையன்று தறிகள் ஓய்வெடுக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறிகளுக்கும் வீட்டுக்கும் ஒரே லைன்; தறி கிளம்பினால் வீட்டில் வோல்டேஜ் விழும்.

“அப்ப உனக்குத் தெரியாதா கண்ணு?” என்றார் அம்மா, நான் போய்க் கேட்டபோது நிஜமான ஆச்சரியத்தோடு. “நீ பொட்டிய போட்டா நாங்க தறிய நிறுத்திப்போடுவோம். உட்டுப்போனத வெடியக்காலம் எந்திரிச்சு ஓட்டிக்குவோம். நீகூட சத்தம்னு என்னைய வைவியே.”

இப்போது சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குத் தனி லைன் இழுத்து, ஆபீஸ்களில் கழித்த இரண்டு கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து வைத்தேன். நேற்று பெரியப்பாவின் பேத்தி வந்து ஒன்றின் முன் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.