கோரை போன இடத்தில் ஒரு தும்பி

இல்ஃபோர்டில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சிறு குளத்தில், மண்வாரி இயந்திரம் கோரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து சில நாள் தங்க வந்திருக்கும் என்னைத் தும்பி காட்டுகிறேன் என்று அழைத்து வந்த வசந்தி கரையில் அப்படியே நின்றுவிடுகிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே மருந்துக்கடையில் வேலை.

வேலையை நடத்தும் மேற்பார்வையாளரிடம் போய் ஏன் பிடுங்குகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். குளம் அசிங்கமாக இருக்கிறதென்று குடியிருப்பவர்கள் புகார் செய்தார்களாம். இந்தக் கோரையில் சிவப்புத் தும்பி இருக்கிறது என்கிறாள் வசந்தி.

“சிவப்புத் தும்பிதானே? பூங்காக் குளத்தில் நிறைய இருக்கிறது” என்கிறார் அவர்.

வசந்தி என் பக்கம் திரும்புகிறாள். “அண்ணை, அங்க இருக்கிறது வேற. அதின்ட காலில மஞ்சள் கோடு ஓடும். அது வெறுங்கரையிலயும் வாழும். இதுக்குக் கால் முழுக்கக் கறுப்பு. கோரை இல்லாட்டி இது இருக்க ஏலாது.”

இதை அவரிடமும் சொல்லிப் பார்க்கிறாள். இரண்டும் சிவப்புத்தானே என்று அவர் சிரிக்கிறார்.

கோரை போன இடத்துக்கு மேலே ஒரு தும்பி சுற்றிச் சுற்றி வருகிறது. உட்கார வேறொன்றும் கிடைக்காமல், சற்று ஓய்ந்து நிற்கும் இயந்திரத்தின் கையில் வந்து உட்காருகிறது.

“பாருங்கள், அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை” என்கிறார் மேற்பார்வையாளர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.  வசந்தி காலணியோடு சேற்றில் இறங்கி, மிச்சமிருக்கும் கோரைக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

“நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போற ஆள், அண்ணை. இதுக்குள்ள வராதேங்கோ.”

நானும் இறங்குகிறேன். ஓட்டுநர் எங்களைப் பார்க்கிறார், மேற்பார்வையாளரைப் பார்க்கிறார், பிறகு இயந்திரத்தை அணைத்துவிடுகிறார்.