பசுவின் வயிற்றில் மிஞ்சியது

துறைமுக வேலைக்காக என் கணவர் தூத்துக்குடிக்கு மாறியபோது, ஆற்றங்கரை ஊரில் என் பிறந்த வீட்டார் கொடுத்த செவலைப் பசுவையும் கூட்டிக்கொண்டு வந்தோம். மில்லர்புரத்தில் வாடகை வீடு. பின்னால் ஓலைச் சாய்ப்பில் அவளைக் கட்டினோம். எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், அங்கேதான் அவள் கிடேரிக் கன்று ஒன்று போட்டாள்.

ஈன்றதில் சிரமம் ஏதும் இல்லை. பொழுது சாய்வதற்குள் நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. கணவர் அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார். சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து பசு ஒரு மாதிரியாக இருந்தாள். கன்று மடியை முட்டிக்கொண்டிருக்கும்போதே தலையை மறுபக்கம் திருப்பி, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைப்பாள். ஈன்ற பசு ஈரக் கன்றை நக்கும்போது எழுப்புகிற குரல் அது. மாட்டோடு வளர்ந்தவள் நான். வேறு எதற்கும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவள் பார்த்த இடத்தில் வெறும் மணல்தான் கிடந்தது. சில சமயம் அந்த மணலை நக்கவும் செய்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி, தோணியில் போகிறவரின் மனைவி, பால் வாங்க வந்தவள் செம்போடு நின்று பார்த்தாள். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“மயினி, அது இந்தக் கன்னுக்குட்டியக் கூப்பிடல.”

பிறகு நாற்றம் வந்தது. கருவாட்டு வாசம் பழகிய ஊர்தான், ஆனால் இது வேறு. பூட்டிய அறைக்குள் எதுவோ செத்துக் கிடப்பதைப் போல. சாய்ப்பு முழுக்கத் தேடினேன், ஓர் எலிகூட அகப்படவில்லை. மத்தியானம் பசு படுத்தபோதுதான் அவள் பின்புறத்திலிருந்து கருஞ்சிவப்பாகக் கசிவதைக் கண்டேன். உடம்பு கொதித்தது. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்தும் பார்க்கவில்லை. கனைப்பு மட்டும் ஓயவில்லை.

கணவர் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். நஞ்சுக்கொடி விழுந்ததா என்று அவர் கேட்டார். விழுந்தது என்றோம். சோப்பும் எண்ணெயும் தடவிய கையைத் தோள்வரை உள்ளே விட்டு, சற்று நேரம் அசையாமல் நின்றார்.

“கன்னு எத்தன போட்டுச்சு?”

“ஒண்ணுதான் சார்.”

“உள்ள இன்னொண்ணு கெடக்கும்மா.”

மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். பூனையளவுதான் இருந்தது, காளைக்கன்று. எப்போதோ வயிற்றுக்குள் செத்து, வளராமல் நின்றுபோனது. விழுந்தது நஞ்சுக்கொடியில் ஒரு பங்குதான். மிச்சம் அழுகி, கருப்பையில் சீழ் பிடித்திருந்தது.

அதைச் சாக்கில் கிடத்தினார். நான் மூடுவதற்குள் பசு கயிறு இறுகக் கழுத்தை நீட்டி, முகர்ந்து, நிதானமாக நக்கினாள். டாக்டர் தடுக்கவில்லை. கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கனைக்கவே இல்லை.

கருப்பையைக் கழுவி, மாத்திரைகளை உள்ளே வைத்து, ஊசி போட்டார். அடுத்தடுத்த நாட்களும் வந்தார். காய்ச்சல் இறங்கியது, கசிவு தெளிந்து நின்றது. உள்ளே ஆறும்வரை சினைக்கு விடாதீர்கள் என்றார். பொறுத்திருந்தோம். அடுத்த வருஷம் அவள் சினை பிடித்து நல்லபடியாக ஈன்றாள்.

கிடேரியைப் பற்றியும் டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். காளையோடு ஒரே வயிற்றில் கிடந்த கிடேரியின் உடம்பில் காளையின் ரத்தம் கலந்திருக்கும்; பெரும்பாலும் சினை பிடிக்காது என்று. துள்ளித் திரிந்த கன்றைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வளர வளர அவள் கழுத்து தடித்தது. மடி இறங்கவில்லை, பருவத்துக்கும் வரவில்லை. தெருவில் போன காளைகள் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓர் அந்தியில் முதல்முறையாக முழுக்குரலில் கத்தினாள். வாசலில் நின்ற கணவர் பின்பக்கம் ஓடிவந்தார்.

“ஏளா, யாரு வீட்டுக் காள உள்ள வந்துருக்கு?”

நான் கிடேரியைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே வைக்கோலை உதறிப் போட்டார்.