திண்டிவனம் வழியாக நாக்பூர்

என் கணவர் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தார். ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, தண்டவாளம் போட்ட எந்த ஊருக்கும் செலவில்லாமல் போய்வரலாம். அப்படிப்பட்ட மனிதருக்கு மோட்டார் சைக்கிளில் நாக்பூர் போக வேண்டும் என்று ஆசை வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம்.

நாக்பூரில் அவருக்கு உறவு கிடையாது, சிநேகிதம் கிடையாது, வேண்டுதலும் கிடையாது. அவர் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய இந்தியப் படம் மாட்டியிருந்தது. டிக்கெட் வாங்க ஆள் இல்லாத நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாட்டின் நட்ட நடுவில் நாக்பூர் இருப்பதாக அவருக்குப் பட்டது.

"நடுவுல போயி நின்னு பாக்கணும்" என்றார்.

"நின்னு?"

"நின்னுட்டு வர வேண்டிதுதான்."

"அதுக்கு ரயில்லயே போலாமே. பாஸ் இருக்குதே."

"ரயில்ல போனா போய்ச் சேந்துடுவோம். அதுல இன்னா இருக்குது?"

நான் படித்தது எட்டாவது வரைக்கும். இதற்குப் பதில் அதற்கு மேல்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

வண்டி வானூர்ப் பக்கம் ஒரு கட்டட மேஸ்திரியின் கொட்டகையில் கிடைத்தது. யுத்தத்துக்கு வந்து, திரும்பிப் போக மறந்த வெளிநாட்டு வண்டி. பக்கத்தில் ஒருவர் உட்காரத் தொட்டி வைத்தது. தொட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால் உடனே எடுத்துவர முடியவில்லை. மேஸ்திரியின் மனைவி, "பாவம் புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டாள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வானூர் போய், குஞ்சு பொரித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவார். பொரித்ததும் வண்டி எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துசேர்ந்தது.

அதில் ஒரு கோளாறு இருந்தது. வண்டி செய்த நாட்டில் வலதுபக்கமாகப் போவார்களாம். அதனால் தொட்டியை வலதுபக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நாம் இடதுபக்கமாகப் போகிறவர்கள். ஆகவே அவர் ரோட்டின் ஓரமாகப் பத்திரமாகப் போவார். நான் ரோட்டின் நடுவில், எதிரே வரும் லாரிகளின் முகத்துக்கு நேராகப் போவேன். இதில் ஒரு நன்மை இருப்பதாக அவர் சொன்னார். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டும்போது, எதிரில் என்ன வருகிறது என்று அவரைவிட எனக்குத்தான் முதலில் தெரியும். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் சொல்லித்தான் வந்தேன். பெரும்பாலும் நான் வாயைத் திறப்பதற்குள் வருவது வந்துவிட்டுப் போய்விடும்.

தொட்டியில் பாரம் இல்லாவிட்டால் திருப்பத்தில் அது அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். நான் எந்நேரமும் தொட்டியில் உட்கார்ந்திருந்தால் சோறு ஆக்குவது யார்? எனக்குப் பதிலாக ஒரு மல்லாட்டை மூட்டையை, அதாவது வேர்க்கடலை மூட்டையை, வைத்து ஓட்டிப் பழகுவது என்று முடிவாயிற்று. மூட்டை சரியாக என் எடை இருக்க வேண்டும் என்பதற்காக, என்னை ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினார். பார்சல் குமாஸ்தா முள்ளைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், "எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டார்.

"நாக்பூருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்ததும் மூட்டையை ஏற்றிக்கொண்டு காணை ரோட்டில் போவார். "கெட்டியாப் புடிச்சுக்க, பள்ளம் வருது" என்று அவர் மூட்டையிடம் சொல்லியதைக் காலனிப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்து, "உன்கிட்ட இவ்ளோ தன்மையாப் பேசுவாரா?" என்று விசாரித்தார்கள். நியாயமான கேள்விதான். நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களோடு என் மாமியார் இருந்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை அவராவது நிறுத்துவார் என்று நம்பியிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. நாக்பூர் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். மகன் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "போய்ட்டு வாங்க. வயசுல போகாம எப்ப போறது? நெதானமா இருந்துட்டு வாங்க" என்றார். அந்த "நெதானமா" என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

லீவு புதன்கிழமையிலிருந்து. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எல்லாச் சாமானையும் ஏற்றித் திண்டிவனம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுவது என்று என் கணவர் ஏற்பாடு செய்தார். ஸ்டவ், படுக்கை, பித்தளைக் குடம், அரிசி டின், உபரி டயர் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, நடுவில் மீந்த இடத்தில் என்னைச் செருகினார். வெளியே பார்த்தால் காலனியே நின்றுகொண்டிருந்தது.

இது வெறும் ஒத்திகை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்தார்கள். யாரோ புளிச்சோறு கட்டிக்கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரே மாலையோடு வந்துவிட்டார்.

"சொல்லுங்களேன்" என்று நான் முணுமுணுத்தேன்.

"எப்படிச் சொல்றது? மாலை போட்டுட்டாரே."

என் மாமியார் ஆரத்தி எடுத்தார். பூசணிக்காய் உடைத்தார். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஓட்டிப் பார்க்கத்தான் போகிறோம் என்று முந்தின நாள் என் கணவர் அவரிடம் என் எதிரில்தான் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் காபி குடித்தோம். மாலையைக் கழற்றித் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். விக்கிரவாண்டியில் வண்டி நின்றுபோய், ஒரு கரும்பு வண்டிக்காரர் தள்ளிவிட்டதைத் தவிர வேறு சங்கதி எதுவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் இருந்தோம்.

துணி துவைக்கும் கல்லில் ஓர் ஆடு கட்டியிருந்தது. உள்ளே குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. காணையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார், ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் அடுப்படியிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். எங்களைக் கண்டதும், "ஐயோ, அண்ணி!" என்று சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டாள்.

மாமியார் கேட்டுக்கு வந்தார். திறக்கவில்லை.

"இன்னாப்பா, வந்துட்டீங்க?"

"ஓட்டிப் பாக்கத்தானம்மா போனோம். நேத்தே சொன்னேனே."

"சொன்ன, இல்லன்னு சொல்லல. ஆனா ஆரத்தி எடுத்தாச்சு. மாலை போட்டாச்சு. பூசணிக்கா ஒடச்சாச்சு. அப்படிக் கெளம்பிப் போனவங்க, போன காரியம் முடியாம வாசப்படி மிதிச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"அப்ப நாங்க எங்கதான் போறது?"

"நாக்பூருக்கு."

என் கணவர் நியாயம் பேசிப் பார்த்தார். நாளைக்கு டியூட்டி இருக்கிறது என்றார். லீவே புதன்கிழமைதான் என்றார். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாத்தனாரின் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது, அவர்கள் சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது, ஆடு வேறு புது இடத்துக்குப் பழகிவிட்டது என்று அவரும் தன் பக்கத்தைச் சொன்னார்.

ஆனால் எங்களைப் பட்டினி போடவில்லை. வாசற்படியை மிதிக்காமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, கேட்டுக்கு மேலாகத் தட்டுகளை நீட்டினார். நான் தொட்டியிலும் என் கணவர் சீட்டிலும் உட்கார்ந்து, சொந்த வீட்டு வாசலில் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். மாமியார் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே, "வழியில சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார். என் கணவர், "பரவால்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

அன்று ராத்திரி ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்தோம்.

மறுநாள் காலையில் அவர் முகம் கழுவிக்கொண்டு தன் கவுண்ட்டருக்குப் போனால், அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இவரைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார்.

"நீ நாக்பூர் போய்ட்டியேப்பா! நான்தானே மாலை போட்டேன்?"

"லீவு புதன்கிழமைலேர்ந்துதான் சார்."

"நீ நேத்தே கெளம்பிட்டன்னு நானே தந்தி அடிச்சு, திண்டிவனத்துலேர்ந்து ஆள வரவழைச்சுட்டேன். இப்ப நீ ஒண்ணு, இவரு ஒண்ணுன்னு ரெண்டு பேர வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

"அப்ப இன்னிக்கே லீவுல போய்டட்டுமா சார்?"

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எப்படிப் போவ? திண்டிவனத்துல டிக்கெட் குடுக்க ஆள் இல்ல. இவரு இங்க வந்துட்டாரு. நீ ஜல்தியா அங்க போய் உக்காரு. எல்லாம் சரியானதும் லீவு எடுத்துக்க."

அந்தத் திண்டிவனத்துக்காரருக்கு விழுப்புரத்தில் மாமனார் வீடு. அவர் திரும்பிப் போகும் எண்ணத்தில் வந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்து, தன் குவார்ட்டர்ஸ் சாவியை என் கையில் கொடுத்தார். "தண்ணி மட்டும் கொஞ்சம் உப்பும்மா" என்றார்.

அப்படியாக, ஒரு நாள் இடைவெளியில் மறுபடியும் அதே ரோட்டில் திண்டிவனம் போனோம். இந்த முறை மாலை இல்லை, வழியனுப்ப ஆளும் இல்லை. ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வண்டியின் அடியில் ஏதோ உடைந்து விழுந்தது. என்ன பாகம் என்று திண்டிவனத்து மெக்கானிக்குகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது, அது இந்தியாவில் கிடைக்காது என்பதை மட்டும்தான்.

"எல்லாம் சரியானதும்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன நாள் வரவே இல்லை. சில மாதங்களில் அந்த மாற்றத்தையே நிரந்தரம் ஆக்கிக் காகிதம் வந்துவிட்டது. என் கணவர் கொஞ்ச நாள் சோர்ந்துதான் இருந்தார். திண்டிவனம் ஸ்டேஷனில் இந்தியப் படம் கிடையாது. எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் மார்க்கெட்டுக்குப் போவது தெரியும். மெல்ல அதைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு என்ன வருத்தம்? இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, உப்பு எவ்வளவு போடுவது என்பதை நானே தீர்மானித்தேன். தண்ணீரில் ஏற்கெனவே இருந்ததால் அதிலும் பாதி வேலை மிச்சம். நான் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பதை என் கணவர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "உனக்குப் பாட வருமா?" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆனால் மாமியாருக்கு ஒரு சங்கடம் இருந்தது. காலனிக்குத் தெரிந்தவரை அவருடைய மகன் நாக்பூர் போயிருக்கிறான். அதை மாற்றிச் சொன்னால், ஆரத்தி எடுத்ததும் பூசணிக்காய் உடைத்ததும் எதற்கு என்று கேள்வி வரும். அதனால் அவர் மாற்றிச் சொல்லவில்லை. மகனைப் பார்க்காமலும் அவரால் இருக்க முடியவில்லை. காலை பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவார். காலனியில் கேட்பவர்களிடம், "நாக்பூர் வரிக்கும் போய்ட்டு வர்றேன்" என்பார். திண்டிவனம் பஜாரில் கமலா ஆரஞ்சு கிடைத்தால் தவறாமல் வாங்கிப் போவார். அது நாக்பூர் ஆரஞ்சு என்று கடைக்காரனே சொன்னதால், அந்த ஒன்றிலாவது பொய் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு உண்மை தெரியும். திண்டிவனத்தில் என் வீட்டுக்காரர் கையால் டிக்கெட் வாங்கியவர்கள் காலனியிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் என் மாமியாரிடம் இதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவரை வண்டியேற்றப் பிளாட்பாரத்துக்குப் போயிருந்தேன். காலனியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கார அம்மாள், மார்க்கெட்டுக்கு வந்துவிட்டுக் கையில் கூடையோடு அதே வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். அன்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தவர் அவர்தான். தப்பிக்க வழி இல்லை. எங்களுக்கு நேர் மேலே, திண்டிவனம் என்று பெரிய எழுத்தில் பலகை.

"எங்க இந்தப் பக்கம்?" என்று அவர் மாமியாரைக் கேட்டார்.

"நாக்பூர்லேர்ந்து வர்றேன்" என்றார் மாமியார்.

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்தார். கவுண்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்ட என் கணவரையும் பார்த்தார்.

"புள்ளயும் மருமவளும் அங்க சவுக்கியமா இருக்காங்களா?"

"இருக்காங்க. தண்ணிதான் உப்பு."

"தூர தேசம். அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

வண்டி வந்தது. இருவரும் ஏறி எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள். மாமியார் மடியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, பாதியைப் பிய்த்து அந்த அம்மாளிடம் நீட்டினார். வண்டி நகரும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஒடம்பப் பாத்துக்கம்மா. மாசமா இருக்கறவ வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ" என்று சொன்னார். எனக்கே அப்போதுதான் அது நிச்சயமாகியிருந்தது. இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.