மவுஸ் நகராத சனிக்கிழமை

உங்கள் வீட்டில் ஒரு பொருள் திடீரென்று வேலை செய்யாமல் போனால், முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பீர்களா, இல்லை யார் மேல் பழி போடலாம் என்று தேடுவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். சாயல்குடியில் இணைய சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கும் முருகலட்சுமியிடம் இதைக் கேட்டிருந்தால், "சோதிச்சுத்தான் பாப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பாள். போன நவம்பர் வரைக்கும்.

உப்பளத் தொழிலாளியின் மகள். இயற்பியல் பட்டம் வாங்கியவள். எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்பாள் என்பதால் கடை முதலாளி மலையாண்டி அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மலையாண்டி கணினியை அணைத்து, கீபோர்டுக்கு மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் கடையைப் பூட்டுவார். கணினியில் கோளாறு என்று வந்தால், அது எப்போதும் மறுநாள் சனிக்கிழமைதான் வரும்.

"குங்குமம் உள்ள போயி ஒருநா எல்லாம் நிக்கப் போகுது பாருங்கண்ணே."

"ஒன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு தாயி. அது நமக்குச் சோறு போடுற பொருளு."

அந்தச் சனிக்கிழமை மானாவாரி நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதியக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு பக்கம் மூடிவிடும். பதிவு, மையத்தின் கணினியில் மட்டும்தான் ஏறும், செல்போனில் ஏறாது. காலையிலேயே எட்டுப் பேர், என்ன பயிர் வைத்தோம் என்பதற்கான அடங்கல் நகலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் பிச்சையம்மாள். குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவள். போன வருஷம் மழை பொய்த்து, கருகின நெல்லை மாட்டுக்கு அறுத்துப் போட்டவள்.

முருகலட்சுமி கணினியைப் போட்டாள். ஏதோ சதவீதக் கணக்கு ஓடி முடிந்து, கடவுச்சொல் கேட்கும் திரை வந்து நின்றது. தட்டினாள். ஒரு எழுத்தும் விழவில்லை. மவுஸை இழுத்தாள். அம்பு அசையவில்லை.

"நேத்துப் பூசையில மணியடிக்க மறந்துட்டேன்" என்றார் மலையாண்டி, முகம் வெளுத்து.

"மணி இல்லண்ணே, ஒங்க குங்குமம்!"

இருவரும் சண்டை போட்ட வேகத்தில் மணி பதினொன்று. மலையாண்டி வாசலுக்குப் போய், "மிசினு போச்சு, எல்லாரும் திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார். ஏழு பேர் பதினொன்றரைப் பஸ்ஸுக்கு எழுந்து போனார்கள். பிச்சையம்மாள் மட்டும் அசையவில்லை.

"கடைசி நாளு இன்னைக்குன்னா, திங்கக்கிழமை வந்து நான் என்ன செய்ய?"

முருகலட்சுமி கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கொட்டியது. "பாத்தீகளா!" என்று வெற்றியோடு பிரஷ் போட்டுத் தேய்த்தாள். முக்கால் மணி நேரம். மறுபடி செருகினாள். அப்போதும் ஓர் எழுத்து விழவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் கேட்டாள்: "ஏ புள்ள, பொட்டு வச்சது அந்தப் பலகைக்குத்தான? பக்கத்துல கெடக்கிற சின்னதுக்கு யாரும் வைக்கலயே. அது ஏன் சேந்து படுத்துருச்சு?"

முருகலட்சுமிக்குச் சுருக்கென்றது. மலையாண்டிக்குச் சாமி குற்றம் போல, தனக்குக் குங்குமம். இரண்டுமே சோதிக்காமல் சொன்ன தீர்ப்பு. மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியானால் மின்சாரம் வருகிறது.

பக்கத்துக் கடை காஜா நவாஸ், செல்போன் பழுது பார்ப்பவர், புது கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து செருகினார். அதுவும் ஊமை. "உள்ள மதர்போர்டே போச்சு தங்கச்சி. மதுரைக்கு அனுப்பு."

"அது எப்படித் தெரியும்ணே?"

அணைத்துவிட்டு மறுபடி போட்டு, திரை வெளிச்சம் வரும்போதே டெலிட் விசையை விடாமல் தட்டினாள். விண்டோஸ் எழுவதற்கு முந்தைய அமைப்புத் திரை வந்தது. கீழ் அம்பை அழுத்தினாள். வரி இறங்கியது! பலகை, வயர், மதர்போர்டு எல்லாம் நலம். விண்டோஸ் வந்து உட்கார்ந்த பிறகுதான் காது அடைக்கிறது. நேற்று கேட்ட காது இன்று ஏன் கேட்கவில்லை?

"அண்ணே, நேத்து அணைக்கும்போது எதை அமுக்குனீக?"

"எப்பவும் போலத்தான். ரெண்டு இருந்துச்சு. மேல உள்ளதை அமுக்குனேன்."

மேலே இருந்தது, அப்டேட் போட்டு அணைக்கும் பொத்தான். திறக்க நேரமாகும் என்று மற்ற நாட்களில் திரையை மட்டும் அணைப்பார்கள். கணினி வாரம் முழுக்க ஓடும். அது உண்மையில் அணைவது பூசைக்காக வெள்ளிக்கிழமை மட்டும். காத்துக்கிடந்த அப்டேட் எல்லாம் அன்றைக்குத்தான் உள்ளே இறங்கும். ஒவ்வொரு கோளாறும் பூசைக்கு மறுநாளே வந்ததற்குக் காரணம் அதுதான். சாமியும் இல்லை, சந்தனமும் இல்லை.

"யூஎஸ்பி வழிதான் அடைச்சிருக்கு. நவாஸ் அண்ணே, உருண்டை முனை வச்ச பழைய கீபோர்டு இருக்கா? அதுக்கு வழி வேற."

பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்ததில் ஒன்று கிடைத்தது. செருகினாள். அசைவில்லை. நவாஸ் உதட்டைப் பிதுக்கினார். ஓடுகிற கணினியில் செருகினால் இந்த ஜாதி கீபோர்டு வேலை செய்யாது என்பது அவளுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. அணைத்து, செருகி, மறுபடி போட்டாள். கடவுச்சொல் கட்டத்தில் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"விழுதுத்தா!" என்று மலையாண்டி கத்தினார்.

மவுஸ் இல்லாமல் டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் தடவித் தடவிப் போய், நேற்று இறங்கிய அப்டேட்டைத் தேடி நீக்கினாள். இருபது நிமிடம் வட்டம் சுற்றியது. மறுபடி எழுந்தபோது மவுஸ் அம்பு ஓடியது. மணி மூன்று பத்து. பிச்சையம்மாளின் பதிவு எண் மூன்றரைக்கு அச்சாகி வந்தது. அவள் அதை நாலாக மடிக்காமல், சுருட்டாமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

அப்புறம், காலையில் எழுந்து போன ஏழு பேரையும் பிடிக்க வேண்டியிருந்தது. ஐந்து பேருடைய போன் எண் இருந்தது. மலையாண்டியே கூப்பிட்டார். "நாந்தான்யா தப்பாச் சொல்லிட்டேன், ஓடியா." ஐவரும் வந்தார்கள், பதிவும் ஏறியது. மற்ற இருவரின் ஊர் தெரியும், எண் தெரியாது. நவாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒருவர் கிடைக்கவே இல்லை. இன்னொருவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தபோது ஐந்து மணி ஏழு நிமிடம். பக்கம் மூடியிருந்தது.

அந்த மனிதர் கோபப்படவில்லை. அதுதான் முருகலட்சுமியைச் சுட்டது. "நம்ம நேரம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நேரம் இல்ல பெரியப்பா" என்றாள் அவள். "பழுதானது மிசினு. பழி ஏன் ஒங்க மேல வரணும்?"

திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் அவள் ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். கடைசி நாளில் கணினி முடங்கினால், விண்ணப்பத்தைத் தாளில் வாங்கி, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டு ஏற்க வேண்டும் என்பதுதான் மனு. இதுவரை பதில் இல்லை. ஒரு மனு என்றால் ஓரமாக வைத்துவிடலாம். ஆயிரம் வந்தால் வைக்க இடம் இருக்காது. வரும் திங்கட்கிழமை, உங்கள் ஊரில், உங்கள் பெயரில் ஒன்று எழுதிக் கொடுங்கள்.