டால்பின் கத்தாத கடல்

ஆபீசில் அவளுக்கு வைத்த பேர் 'காது'. வீட்டில் அந்தப் பேர் செல்லாது. "ஊர் உலகத்துச் சத்தமெல்லாம் இவளுக்குக் கேக்கும், நான் பேசுறது மட்டும் விழாது" என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்வான். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், வீட்டுக்குள் நுழைந்ததும் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். அவன் சொன்ன கதையையே மூன்றாவது தடவை சொல்லும்போது 'ம்' கொட்டுவாள். நியாயமாகப் பார்த்தால் மூன்றாவது தடவைக்கு யார்தான் அதற்கு மேல் கொட்டுவார்கள்?

முன்பு காது கேட்கும் கருவி விற்கிற கடையில் இருந்தாள். வயதானவர்களை எதிரே உட்காரவைத்து, கருவியைத் திருகித் திருகி, பாத்திரம் விழுகிற சத்தத்தை அமுக்கி, பேரப்பிள்ளை பேச்சை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். வேண்டாத சத்தத்தைக் கழிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் கடலடிச் சத்தத்தை ஆராய்கிற கம்பெனி அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன நீர்மூழ்கியை ஓட்டுகிறவனாக அவள் புருஷன் அங்கே ஏற்கெனவே இருந்தான்.

கம்பெனியின் வேலை கொஞ்சம் கள்ளத்தனமானதுதான். தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது, சத்தத்தால்தான் சேதி சொல்ல வேண்டும். 'பீப் பீப்' என்று அனுப்பினாலோ, ஒட்டுக்கேட்கிறவன் இங்கே மனுஷன் இருக்கிறான் என்று உடனே கண்டுகொள்வான். ஆகவே சேதியை டால்பின் விசிலுக்குள் ஒளித்துவைத்தார்கள். விசில் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பதில் சேதி இருக்கும். 'நலம்', 'சிக்கினோம்', 'மேலே வருகிறோம்', 'கேட்டது' என்று கொஞ்சம் வார்த்தைகள், வார்த்தைக்கு ஒரு பொத்தான். கேட்கிறவன் 'சீ, டால்பின்' என்று திரும்பிப் படுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் வெற்றி.

கடலில் வைத்துச் சோதிக்கிற நாள் வந்தது. காலையில் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் என்னமோ சொன்னான். அவள் 'ம்' என்றாள்.

நீர்மூழ்கி அவனையும் அவன் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. இடம் போதவில்லை என்று பழைய பேசும் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் புது விசில் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அது தப்பு என்று அன்றைக்கு ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. மேலே படகின் சின்ன அறையில் காதும் அவள் சீஃபும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்குள் தொங்கிய மைக்கிலிருந்து வரும் சத்தம் அவள் புதிதாகச் செய்த சல்லடை வழியாகப் போய், அப்புறம்தான் ஹெட்போனுக்கும், விசிலைப் படித்துச் சொல்கிற கம்ப்யூட்டருக்கும் வரும். கப்பல் இரைச்சல், அலை, கடல் ஜந்துக்களின் கூச்சல் எல்லாவற்றையும் அந்தச் சல்லடை துடைத்துவிடும். போன வாரம் அதைப் போட்டுக் காட்டியபோது ஆபீசே கைதட்டியது.

இறங்கியதும் 'நலம்' வரவேண்டும். வரவில்லை. காத்திருந்தார்கள். திரை வெறுமையாக இருந்தது. ஹெட்போனில் கடல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"கருவி கோளாறா இருக்கும்மா" என்றார் சீஃப். அவர் குரல் அவருக்கே தைரியம் சொல்லவில்லை.

கேப்டன் உள்ளே வந்தார். "நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும் சார். கீழே இருந்தா இவ்வளவு நேரத்துக்கு ஒரு விசிலாவது வந்திருக்கணும். நங்கூரத்தைத் தூக்கிட்டுத் தீவுக்கு அந்தப் பக்கம் போய்த் தேடலாம். உள்ளே காத்து ரொம்ப நேரம் தாங்காது."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அவர் வழி மாறிப் போற ஆள் இல்லை சார்" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. காலையில் என்ன சொன்னான் அந்த மனுஷன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதுவே அவன் கடைசியாகச் சொன்ன சொல்லாகிவிடுமோ என்று நினைத்தபோது கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

நங்கூரச் சங்கிலி இழுபட ஆரம்பித்தது. மேல்தளத்தில் யாரோ, "அங்கே பாரு, டால்பின்!" என்று கத்தினார்கள். அவள் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு கூட்டமே படகை ஒட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் ஒரு கீச்சுக்கூட இல்லை.

"சார்," என்றாள், "இத்தனை டால்பின் இருக்கு. ஒண்ணுகூடக் கத்தலையே?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்தது. பாய்ந்து சல்லடையை நிறுத்தினாள். கூச்சல் காதைப் பிளந்தது. கம்ப்யூட்டர் அந்தக் கூச்சலுக்குள் கொஞ்ச நேரம் துழாவியது. பிறகு திரையில் சொற்கள் விழுந்தன: சிக்கினோம். நலம். சிக்கினோம். நலம். சிக்கினோம்.

"ஐயோ! என் புருஷனையும் டால்பினோட சேர்த்துக் கழிச்சுட்டேனே!"

"நங்கூரத்தை விடுங்கப்பா! விசில் இவ்வளவு கிட்டக் கேக்குது, ஆள் நமக்குக் கீழேதான் இருக்கான்!" என்று சீஃப் படியேறி ஓடினார். அவள் 'கேட்டது' பொத்தானை அமுக்கினாள். ஒரு தடவை அமுக்கினால் போதும். அவள் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தால், எவனோ அறுத்துவிட்ட பழைய வலை நீர்மூழ்கியின் விசிறியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. வெட்டிவிட்டார்கள். நீர்மூழ்கியின் மஞ்சள் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தபோது அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டே சீஃபிடம், "என் தப்புதான் சார்" என்றாள்.

"முதல்ல கைதட்டினவன் நான்தாம்மா. நம்ம வேஷம் நம்மளையே ஏமாத்திடுச்சு. நாளைக்கே பழைய கருவியைத் திரும்ப மாட்டுறோம்" என்றார் அவர்.

அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல மூடில்தான் இருந்தான், பாவி.

"உள்ளே உக்காந்து கத்திக்கிட்டே இருக்கேன், நீ காதுலயே போட்டுக்கல. எனக்கு ஒண்ணும் புதுசா தெரியல, வீட்ல மாதிரியே இருந்துச்சு. அப்புறம் 'கேட்டது'ன்னு வந்துச்சு பாரு, அப்பதான் பயந்துட்டேன். கல்யாணம் ஆனதுலேருந்து நீ அப்படிச் சொன்னதே இல்லையே!"

அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஏங்க, காலையில செருப்பு மாட்டும்போது என்ன சொன்னீங்க?"

"அதுவா? குழாய் சொட்டுது, வரும்போது வாஷர் வாங்கணும்னு சொன்னேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டது" என்றாள்.